பவர் வீடர் கிளம்பவில்லையா? காயில் வாங்கும் முன் நிறுத்தும் ஒயரைப் பாருங்கள்!

மக்காச்சோளம், பருத்தி போன்ற பயிர்களில் விதைத்த முதல் ஒன்றரை மாதத்துக்குள் களையை அடக்கிவிட வேண்டும். ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் பல தோட்டங்களில் அந்த வேலையைப் பெட்ரோலில் ஓடும் பவர் வீடர்தான் செய்கிறது. மழை விட்டு மண் பதமாக இருக்கும் நாளில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எஞ்சின் கிளம்பவில்லை என்றால், 'காயில் போய்விட்டது' என்று கடைக்கு ஓடுகிறவர்கள் அதிகம். புதுக் காயில் மாட்டிய பிறகும் சில கருவிகள் கிளம்புவதில்லை. அப்போது பழுது பெரும்பாலும் சுவிட்சுக்குப் போகும் ஒரே ஓர் ஒயரில்தான் இருக்கும். (டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, இங்கே சொல்வது பெட்ரோல் எஞ்சினுக்கு மட்டும்.)

வீட்டு சுவிட்சுக்கு நேர்மாறு

வீட்டில் சுவிட்சைப் போட்டால் விளக்குக்குக் கரண்ட் போகும். பேட்டரி இல்லாத சிறிய பெட்ரோல் எஞ்சினில் நடப்பது வேறு. கயிற்றை இழுக்கும்போது ஃபிளைவீலில் உள்ள காந்தம் காயிலைக் கடந்து ஓடுகிறது. காயில் தானே கரண்ட் உண்டாக்கிப் பிளக்கில் பொறியைத் தருகிறது. சுவிட்சை 'ஆஃப்' செய்தால், அந்தக் கரண்ட் நிறுத்தும் ஒயர் வழியாக எஞ்சின் பாடிக்கு இறங்கிவிடும். பொறி வராது, எஞ்சின் நிற்கும்.

ஒயரின் தோல் உரிந்து உள்ளிருக்கும் கம்பி இரும்பில் பட்டாலும் இதேதான் நடக்கும். வரப்பில் நண்டு வளை இருந்தால், மடையைச் சரியாக அடைத்திருந்தாலும் தண்ணீர் வயலில் நிற்காது அல்லவா? அதுபோலத்தான். சுவிட்ச் 'ஆன்' நிலையில் இருந்தாலும் கரண்ட் கசிந்துவிடும்.

பெட்ரோல் குறையா, பொறி குறையா?

பெட்ரோல் வால்வு திறந்திருக்கிறதா, சுவிட்ச் 'ஆன்' நிலையில் இருக்கிறதா, ஆயில் அளவு சரியா என்று முதலில் பாருங்கள். பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். பலமுறை இழுத்த பிறகும் பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. பொறியைச் சோதிக்க வேண்டும். கரி படிந்திருந்தால் ஏர் ஃபில்டரையும் சுத்தம் செய்யுங்கள். பிளக் இடைவெளி பல எஞ்சின்களில் 0.7 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும்.

பொறியைச் சோதிக்கப் பாதுகாப்பான வழி: கழற்றிய பிளக்கை அதன் இடத்திலேயே திரும்ப மாட்டுங்கள். கையிருப்பில் உள்ள நல்ல பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் இரும்புப் பகுதி எஞ்சின் போல்ட்டில் படும்படி, ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் கயிற்றை இழுக்கட்டும். பளிச்சென்ற நீலப் பொறி வந்தால் காயில் நலம். வெறுங்கையால் பிளக்கைத் தொடக் கூடாது. பெட்ரோல் சிந்திய இடத்தில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

ஒயரைக் கழற்றிப் பாருங்கள்

பொறி வரவில்லை என்றால், காயிலிலிருந்து சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ஒயரின் இணைப்பைக் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். பல எஞ்சின்களில் இது கறுப்பு நிறத்தில் இருக்கும்.

இப்போது பொறி வந்தால் காயிலில் குறை இல்லை. சுவிட்ச், ஒயர், ஆயில் சென்சார் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம். கைப்பிடி மடங்கும் இடம், கிளட்ச் கேபிளோடு கட்டிய இடம், சைலன்சர் பக்கம் ஆகிய இடங்களில் ஒயர் உரசும். மாட்டுக்கொட்டகையில் நிறுத்தும் கருவியில் எலியும் கடிக்கும். மல்டிமீட்டர் இருந்தால், கழற்றிய சுவிட்ச் ஒயருக்கும் எஞ்சின் பாடிக்கும் இடையே பாருங்கள். 'ஆஃப்' நிலையில் ஒலிக்க வேண்டும். 'ஆன்' நிலையில் ஒலிக்கக் கூடாது.

ஆயில் சென்சார் உள்ள எஞ்சின், ஆயில் குறைந்தால் தானே பொறியை நிறுத்தும். சரிவில் சாய்ந்து நின்றாலும் அப்படி நிற்கலாம். சமதரையில் வைத்து ஆயில் அளவைப் பாருங்கள்.

ஒயரைக் கழற்றியும் பொறி வரவில்லை என்றால் பிளக் கேப்பையும், ஃபிளைவீல் காந்தத்தில் துரு ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். காயிலுக்கும் ஃபிளைவீலுக்கும் உள்ள இடைவெளி கையேட்டில் சொன்னபடி இருக்க வேண்டும். பல சிறிய எஞ்சின்களில் அது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே காயில் மாற்றும் பேச்சு.

சூடானதும் நிற்கிறதா?

அரை மணி நேரம் ஓடி நின்று, ஆறிய பிறகு கிளம்பினால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்காது. காயில் சூட்டில் கெட்டாலும் இதே அறிகுறிதான். நின்றவுடன் கொஞ்சம் ஆறவிட்டு, சூடான எஞ்சினில் பெட்ரோல் சிந்தாதபடி டேங்க் மூடியை மெல்லத் தளர்த்துங்கள். உடனே கிளம்பினால் மூடிதான் குற்றவாளி. கிளம்பாமல் பொறியும் இல்லை என்றால் காயிலைச் சந்தேகிக்கலாம்.

வெட்டி விடாதீர்கள்

வேலை நடந்தால் போதும் என்று அந்த ஒயரை வெட்டிவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. எஞ்சின் கிளம்பும்; ஆனால் சுவிட்சால் நிற்காது. வேட்டியோ சேலையோ கத்தியில் சிக்கும் நொடியில் நிறுத்த வழி இருக்காது. பல கருவிகளில் கைப்பிடியை விட்டால் நிற்கும் பாதுகாப்பு லீவரும் இதே ஒயரோடுதான் இணைந்திருக்கிறது. ஒயரைக் கழற்றுவது சோதனைக்கு மட்டும். சோதனையில் எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் சோக்கை முழுவதும் மூடி, பெட்ரோல் வால்வையும் அடைத்து நிறுத்துங்கள். பழைய ஒயரை மாற்றி, சுவிட்சால் எஞ்சின் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வயலில் இறக்குங்கள்.

உத்தரவாதக் காலம் முடியாத கருவியை நீங்களே பிரிக்காமல் விற்பனையாளரிடம் கொண்டு போங்கள். மற்றவர்கள் ஒரு பிளக் ஸ்பேனர், ஓர் உபரி பிளக், இன்சுலேஷன் டேப் ஆகிய மூன்றையும் வீட்டில் வைத்திருங்கள். களை முளைக்கும் முன்பே ஒரு நாள் கருவியைக் கிளப்பிப் பார்த்துவிட்டால், மண் பதத்தைக் கைநழுவ விட வேண்டியதில்லை.