உங்களுக்குத் தெரியுமா? மார்கழிக் காலையில் டீசல் வண்டி முரண்டு பிடிப்பது ஏன்?

செஞ்சி மலைக்கோட்டை பனியில் மறைந்திருக்கும் விடியற்காலை. நெல் மூட்டை ஏற்றிய பழைய லோடு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் முக்குகிறது; சைலன்சரில் வெண்புகை. பேட்டரி நன்றாக இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது ஹீட்டர் பிளக்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தில் சூடேறும் காற்றே டீசலைப் பற்றவைக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் அந்தச் சூடு போதாது. 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிவந்து கைகொடுப்பது இந்தப் பிளக்கின் முனைதான்.

பழுதைக் கண்டுபிடிக்கப் பிளக்கைக் கழற்றவே வேண்டாம். ஒயரை மட்டும் விலக்கி, பேட்டரி பாசிட்டிவில் மாட்டிய டெஸ்ட் லேம்பின் முனையை அதன் தலையில் வையுங்கள். விளக்கு எரிந்தால் உள்ளே கம்பிச்சுருள் அறவில்லை. மல்டிமீட்டரில் நல்ல பிளக் பெரும்பாலும் 1 ஓம் அளவில்தான் காட்டும். பிளக்கெல்லாம் நன்றாக இருந்தும், குளிர்ந்த எஞ்சினில் சாவி போட்டவுடன் அந்த ஒயருக்கு 12 வோல்ட் வரவில்லையா? பியூஸ், ரிலே, ஒயர் என்று தேடுங்கள். இதைப் பார்க்காமல் 4 பிளக்கையும் மாற்றுவது வீண் செலவு.

புதிய வண்டிகளில் 12 வோல்ட்டுக்கும் குறைவாக இயங்கும் பிளக்குகள் உண்டு. அவற்றை நேரே பேட்டரியில் கொடுத்துச் சூடேற்றிப் பார்க்காதீர்கள், எரிந்துபோகும்.