ரப்பர் தவளை... நிஜ விரால்!

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் தென்னேரிக் கரை. விடிந்தும் விடியாத நேரம். என் தூண்டில் நுனியில் ஒரு ரப்பர் தவளை. பக்கத்தில் நின்ற நெசவாளர் பெரியவர் சிரித்தார்: "தம்பி, இது கத்துமா?"

கத்தாது. ஆனா ஏமாத்தும்! விரால் மேலே வந்து மூச்சு வாங்குகிற ஜாதி. குமிழி தெரிகிற இடம்தான் குறி. பாசியும் கொடியும் மண்டிய இடத்தில் ரப்பர் தவளை. கொக்கி உடம்போடு ஒட்டியிருப்பதால் சிக்காது. குட்டிக் குட்டி இழுப்பு, நடுவே நிறுத்தம். 'டபக்'கென்று கவ்வியதும் அவசரப்பட்டால் தவளை மட்டும் நம் மூக்குக்குப் பறந்து வரும். ஒண்ணு, ரெண்டு எண்ணிட்டு வெட்டி இழுக்கணும்!

வெயில் ஏறினால், பாசியில்லாத ஆழத்தில் ஈயத் தலை வைத்த ரப்பர் மீன். அடிக்கு இறக்கி, ஒரு முழம் தூக்கி, மறுபடி விழ விடுங்கள். பெரும்பாலும் விழும்போதுதான் கவ்வும். அதனால் நரம்பு தொய்யக் கூடாது. அமெரிக்காவில் மஸ்கி என்கிற முரட்டு மீனுக்கும் இதே வித்தைதான்.

"தறியில இழை தொய்ஞ்சாலும் போச்சு தம்பி!" என்றார் பெரியவர்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கரையோரம் தண்ணீர் சிவப்பாய்க் கொப்பளித்தது. விரால் குஞ்சுக் கூட்டம்! கீழே பெற்றவர்கள் காவல். எதைப் போட்டாலும் கோபத்தில் கடிக்கும். தூண்டிலை ஓங்கினேன். கையைப் பிடித்துவிட்டார்.

"பசியில கடிக்கிறதைப் பிடி. புள்ளையக் காப்பாத்தக் கடிக்கிறதை விட்டுடு. காவல் போனா குஞ்செல்லாம் மத்த மீனுக்குப் பலகாரம்!"

தவளையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"எங்கே மீன்?" என்றாள் மனைவி.

"மெட்டர்னிட்டி லீவு!"