கட்டணம் கட்டியாயிற்று, கால் வலிக்கிறது

மழைக்கால விடியற்காலையில் செம்பூரில் உள்ள ஜெனரல் அருண்குமார் வைத்யா நீச்சல் குளத்திற்கு வருவோரில் இரு வகையினர் உண்டு. உடல் இளைக்கவோ முதுகுவலி தீரவோ மருத்துவர் சொல்லி வருகிறவர்கள் ஒரு வகை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, யாரோடும் பேசாமல், சுவரைத் தொட்டுத் திரும்பித் திரும்பி நீந்துகிறவர்கள் மற்றொரு வகை. இவர்கள் எண்ணுவது 38 நீளங்கள். 50 மீட்டர் குளத்தில் 38 முறை நீந்தினால் 1.9 கிலோமீட்டர் ஆகும். கோவா மீராமார் கடற்கரையில் நடைபெறும் ‘அயர்ன்மேன் 70.3’ போட்டியின் நீச்சல் தூரம் அதுவே.

அதை முடித்து ஈரம் உலருமுன் 90 கி.மீ. சைக்கிள், சைக்கிளைவிட்டு இறங்கியதும் 21.1 கி.மீ. ஓட்டம். மூன்றையும் மைல் கணக்கில் கூட்டினால் 70.3 வரும், அதுதான் பெயரில் உள்ள எண். எட்டரை மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டும். 2019 அக்டோபரில் இப்போட்டி முதன்முதலாக இந்தியாவுக்கு வந்தது முதல், மும்பையின் அலுவலகப் பணியாளர்கள் பலருக்கு ஆண்டு என்பது நிதியாண்டோ நாட்காட்டி ஆண்டோ அல்ல. அக்டோபர் அல்லது நவம்பரில் வரும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை நோக்கி நகரும் பருவமாகிவிட்டது. அவர்கள் தொழில்முறை வீரர்கள் அல்லர். பரிசுத்தொகையும் இல்லை. காலை ஒன்பது மணிக்கு மின்ரயிலில் நிற்க வேண்டியவர்கள்.

அந்தப் பருவத்தை மும்பையில் கடத்துவது எளிதன்று. ஜனவரியில், சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தின் வாசலிலிருந்து புறப்படும் மும்பை மாரத்தான். 2004 முதல் நடந்துவரும் இந்த ஓட்டத்தில், திரும்பும் வழியில் கால்கள் கனத்துப்போன வேளையில் பெடர் சாலை ஏற்றம் குறுக்கிடும். ஆண்டின் முதல் காயம் பலருக்கு அங்கேதான் விதைக்கப்படுகிறது. மார்ச் முதல் மே வரை வெக்கையும் புழுக்கமும். ஜூன் வந்தால் மழை. மீனவர்களே மீன்பிடித் தடைக்காலம் என்று படகைக் கரையேற்றிவிடும் அரபிக்கடலில் நீச்சல் பழக வழியில்லை. எனவே குளம்.

சைக்கிளுக்கோ அதைவிட நெருக்கடி. செம்பூரிலிருந்து தென்மும்பைக்குச் செல்லும் கிழக்கு விரைவுப் பாலத்தில் 2013இல் அது திறக்கப்பட்ட நாளிலிருந்தே இருசக்கர வாகனங்களுக்கு அனுமதியில்லை. ஆகவே செம்பூர்க்காரர்கள் இருள் பிரியுமுன் மான்கூர்த் வழியாக வாஷி பாலத்தைக் கடந்து, நவிமும்பையின் பாம் பீச் சாலைக்குப் போகிறார்கள். லாரிகள் வருமுன் திரும்பிவிட வேண்டும். மாட்டுங்காவில் இருப்போருக்கு ஐந்து தோட்டங்களின் மரநிழல் வாய்த்திருக்கிறது. அங்கே சுற்றிச்சுற்றி ஓடிவிட்டு, ரயில் நிலையத்தருகே இட்டலியும் காப்பியும் முடித்து வீடு திரும்பலாம். மும்பைத் தமிழருக்கு இதைவிட நல்ல ஓட்டப்பாதை கிடையாது என்பது என் கட்சி. தாராவியிலிருந்து ஓட வருபவருக்கு அந்த நிழலும் இல்லை. கைவண்டிகளும் டெம்போக்களும் 90 அடிச் சாலையை நிறைக்குமுன், நாலரை மணிக்கே ஓடி முடித்தால்தான் உண்டு. கான்கிரீட்டும் உடைந்த ஓரக்கற்களும்தான் அவருடைய தடகளம். அதன் விலையைக் கணுக்காலும் முழங்காலும் கொடுக்கின்றன.

இத்தனையையும் தாண்டி ஆகஸ்டு வரை வந்துவிட்டவரிடம் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் எங்கோ ஒரு வலி இருக்கும். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலில் சுரீர் என்கிறது. அல்லது குதிகாலுக்குச் சற்று மேலே தசைநாண் தடித்திருக்கிறது. அல்லது தோளை உயர்த்தினால் நெருடுகிறது. விழுந்து அடிபட்டதால் வந்த வலி அல்ல இது. சேர்ந்து வந்தது. எலும்பும் தசைநாணும் சுமைக்கேற்ப வலுப்பெறக்கூடியவைதாம். ஆயினும் நுரையீரலும் இதயமும் சில வாரங்களில் தேறிவிட, அவை தேற மாதங்கள் பிடிக்கும். மூச்சு வாங்காததால் மனிதன் இன்னும் ஓடுகிறான், கால் பின்தங்கிவிடுகிறது. வாரத்திற்குப் பத்து விழுக்காடு மட்டும் தூரத்தைக் கூட்டினால் காயம் வராது என்று ஓட்டக்காரர்களிடையே ஒரு வேதவாக்கு உண்டு. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட புதிய ஓட்டக்காரர்களைக் கொண்டு 2008இல் வெளியான ஆய்வு அதைச் சோதித்துப் பார்த்தது. பத்து விழுக்காட்டு முறையில் மெதுவாகக் கூட்டியவர்களிலும் வழக்கமான முறையில் பயின்றவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது. சூத்திரங்கள் யாரையும் காப்பதில்லை போலும்.

காயம் வருவது வியப்பன்று. வந்த பிறகு நடப்பதே வியப்பு. பங்கேற்புக் கட்டணம் மாதங்களுக்கு முன்பே கட்டியாயிற்று. மோட்டார்சைக்கிளின் விலை கொடுத்துச் சைக்கிள் வாங்கியாயிற்று. கோவாவில் அறை, ரயிலில் சைக்கிளுக்குப் பெட்டி, அலுவலகத்தில் விடுப்பு, உறவினர் குழுவில் அறிவிப்பு எல்லாம் முடிந்தன. இப்போது விலகினால் இவ்வளவும் வீண் என்று மனம் கணக்குப் போடுகிறது. வங்கி வாடிக்கையாளர்களுக்கு இக்கணக்கின் பிழையை விளக்க வேண்டியதில்லை. நட்டத்தில் இயங்கும் தொழிலில், முன்பு போட்ட முதலைக் காப்பதாக எண்ணி மேலும் முதல் போடுகிறவரை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். கட்டிய கட்டணம் ஓடினாலும் திரும்பாது, ஓடாவிட்டாலும் திரும்பாது. இனித் தீர்மானிக்க வேண்டியது காலைப் பற்றி மட்டுமே. ஆனால் அந்த நேரத்தில் இது எவருக்கும் தோன்றுவதில்லை.

பிழை அவர்களுடையது மட்டுமன்று. இந்த விளையாட்டே வலியைக் கொண்டாடி வளர்ந்தது. 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஓவாஹு தீவில் நடந்த முதல் அயர்ன்மேனில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு ஓட்டத்தின்போது உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய், பீர் கொடுத்தார்கள் என்பது இன்றும் பெருமையாகச் சொல்லப்படும் கதை. 1982இல் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி, பெண்களில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தவர், எல்லைக்கோட்டுக்குச் சில அடி முன் கால்கள் மடங்கி விழுந்தார். மற்றொருவர் முந்திச் செல்ல, அவர் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அதைக் கண்ட ஆயிரக்கணக்கானோர் இவ்விளையாட்டுக்கு வந்தனர். தவழ்வதே வீரம் என்ற படிமம் அன்று பதிந்தது. அவர் தவழ்ந்தது உடலின் சக்தி முற்றிலும் தீர்ந்ததால். விரிசல் விட்ட எலும்போடு ஓடுவது வேறு. சக்தி ஓர் இரவில் திரும்பிவிடும், எலும்பு திரும்பாது.

காயத்தோடு களம் காண்பது எப்படி என்பதற்கு மும்பையோடு தொடர்புடைய ஒருவரையே பார்க்கலாம். கடற்படையின் ‘மார்கோஸ்’ அதிரடிப் பிரிவைச் சேர்ந்த பிரவீண் தியோத்தியா, 2008 நவம்பரில் தாஜ் ஓட்டலுக்குள் நுழைந்த வீரர்களுள் ஒருவர். தோட்டாக்கள் அவருடைய நுரையீரலைச் சிதைத்தன, செவித்திறனும் குறைந்தது. மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். சௌர்ய சக்ரா விருது வழங்கப்பட்டது. கூடவே, கடும் பணிக்குத் தகுதியற்றவர் என்ற முடிவும் வந்தது. சில ஆண்டுகளுக்குப் பின்னரே, மும்பையில் மூத்த ஓட்டக்காரர் ஒருவரின் வழிகாட்டலில் அவர் நெடுந்தூர ஓட்டத்தைத் தொடங்கினார். படிப்படியாகத் தூரம் கூடியது. நீச்சலும் சைக்கிளும் சேர்ந்தன. 2017இல் லடாக்கில், மூச்சுக்காற்றே மெலிந்த உயரத்தில், 72 கி.மீ. கார்துங் லா ஓட்டத்தை முடித்தார். 2018இல் தென்னாப்பிரிக்காவில் அயர்ன்மேன்.

இச்செய்தியை நாளிதழ்கள் மன உறுதியின் கதையாக எழுதின. உறுதி இருந்தது, ஐயமில்லை. ஆனால் எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது தேதிகள். தாஜிலிருந்து அயர்ன்மேன் வரை ஏறக்குறைய பத்து ஆண்டுகள். நம் செம்பூர் நண்பருக்கு வந்திருப்பது தோட்டாக் காயமன்று, அவசரக் காயம். அதற்கு அவர் ஒதுக்க மறுப்பது எட்டு வாரங்கள்.

எட்டு வாரங்கள் என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. இங்கே வலியின் இனத்தைப் பிரித்தறிய வேண்டும். எலும்பில் ஓரிடத்தை விரலால் தொட்டுக் காட்டமுடிகிற வலி, ஒற்றைக்காலில் குதித்தால் கூர்மையாகிற வலி, ஓடஓடக் கூடுகிற வலி என்றால், அது சுமையால் வந்த மயிரிழை விரிசலாக இருக்கலாம். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகும். ‘எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது’ என்று மகிழ்ந்து ஓடி முழு முறிவை வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. எம்.ஆர்.ஐ. சோதனைதான் உறுதி சொல்லும். இதற்கு ஓட்டத்தை நிறுத்துவதைத் தவிர மருந்து இல்லை.

தசைநாண் வலியின் குணம் நேர்மாறு. ஓய்வு மட்டும் அதைக் குணப்படுத்தாது. இதைக் கண்டறிந்த விதமே சுவையானது. சுவீடனின் ஊமியோ நகரத்து எலும்பு மருத்துவர் ஹாக்கன் ஆல்ஃப்ரெட்சன் ஓட்டப் பிரியர். அவருக்கே குதிகால் தசைநாணில் தீராத வலி. அறுவைச் சிகிச்சை செய்யச் சொல்லித் தம் மேலதிகாரியைக் கேட்டார். நீங்கள் விடுப்பில் போனால் மருத்துவமனை தாங்காது என்று மறுத்துவிட்டார் அவர். சரி, தசைநாணை முற்றிலும் கெடுத்துக்கொண்டால் அறுத்துத்தானே ஆகவேண்டும் என்று, படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்கி இறக்கி வலியைக் கூட்டப் பார்த்தார். வாரங்கள் கடக்க, வலி போய்விட்டது! 1998இல் 15 ஓட்டக்காரர்களைக் கொண்டு அவர் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் 180 முறை என 12 வாரம் இப்பயிற்சி செய்த அனைவரும் ஓட்டத்திற்குத் திரும்பினர். பிந்தைய ஆய்வுகளில் எல்லோருக்கும் அவ்வளவு பலன் கிட்டவில்லை என்றாலும், இன்று உலகெங்கும் இயன்முறை மருத்துவர்கள் முதலில் எடுப்பது இந்த வழியைத்தான். ஒரே காலில், அரை அங்குல இடைவெளியில் இருக்கும் இரு வலிகளுக்கு எதிரெதிரான சிகிச்சை. அதனால்தான் நண்பர் சொன்ன வைத்தியம் இங்கே ஆபத்தாகிறது.

ஒரே விளையாட்டில் ஈடுபடுவோருக்கு இல்லாத ஒரு வசதி இவர்களுக்கு உண்டு. கால் கெட்டால் கை இருக்கிறது. தொடைகளுக்கிடையே மிதவையைச் செருகிக்கொண்டு கைகளால் மட்டும் நீந்தலாம். இடுப்பில் மிதவைப் பட்டை கட்டி, ஆழ்நீரில் பாதம் தரையைத் தொடாமல் ஓடலாம். பார்ப்பவர்க்குச் சிரிப்பாக இருக்கும், மூச்சுத்திறன் குறையாமல் இருக்கும். மருத்துவர் ஒப்பினால் நிலைச் சைக்கிள் மிதிக்கலாம். தோள் கெட்டவர் இதைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டியதுதான். இப்படிப் பருவத்தைத் தேற்றிவிட முடியும். ஆனால் ஓட்டத்தின் அதிர்வைத் தாங்கும் பழக்கத்தைக் குளத்தில் பெற முடியாது. நுரையீரல் தயார், கால் தயாரில்லை என்ற பழைய நிலையோடுதான் அவர் அக்டோபரில் நிற்பார்.

அப்போது கைகொடுப்பதுபோல் வருவன வலி மாத்திரைகள். போட்டிக் காலையில் ஐபுப்ரூஃபென் அல்லது டைக்லோஃபினாக் போட்டுக்கொள்வது சர்வசாதாரணம். வியர்வையில் நீரிழந்து, பல மணி நேரம் உழைக்கும் உடலில் இவை சிறுநீரகத்திற்கு ஊறு செய்யக்கூடியவை. கோவாவின் நண்பகல் வெயிலில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். வலியை மறைத்தால் காலின் ஒரே எச்சரிக்கையும் போய்விடும்.

பணத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மருத்துவக் காப்பீட்டில் சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டே என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்கு, அவற்றில் தொழில்முறையாக ஈடுபடுவோரையே குறிக்கிறது. ஆனால் இயன்முறைச் சிகிச்சை பெரும்பாலும் வெளிநோயாளிச் செலவு. பல பாலிசிகள் அதை ஏற்பதில்லை. உங்கள் பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தைப் படியுங்கள். போட்டிக்குப் பதிவு செய்யும்போதே, விலகினால் அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருவார்களா, எந்தத் தேதி வரை என்பதையும் படித்துக் குறித்து வையுங்கள். அத்தேதிக்கு ஒரு வாரம் முன்பே, வீட்டில் ஒருவரையோ பயிற்சியாளரையோ உடன் வைத்துக்கொண்டு முடிவெடுப்பது நல்லது. முந்தைய இரவில், எண் ஒட்டிய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எவரும் நடுநிலையாக யோசிப்பதில்லை.

விலகியவர்களில் சிலர் கோவாவுக்குப் போகத்தான் செய்கிறார்கள். அறை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதே! மீராமாரில் தண்ணீர்ப் புட்டிகளை நீட்டும் தன்னார்வலர் வரிசையில் நின்று, தங்கள் குளத்து நண்பர்கள் கடந்துபோவதைப் பார்க்கிறார்கள். திங்கட்கிழமை காலை செம்பூர்க் குளத்தில், மிதவையைச் செருகிக்கொண்டு, மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள்.