படகின் விரைவும் நீரின் பங்கும்

மலேசியாவின் பந்திங் நகரைக் கடந்து கடலை நெருங்கும் லங்காட் ஆறு ஓதத்துக்கு அடங்கியது. பெருக்கில் நீர் மேலேறும், வற்றில் கீழிறங்கும். கழிமுகத்தில் படகோட்டுவோர் நேரம் பார்த்தே கரையை விட்டுப் புறப்படுவர். கல்லூரிப் படகுப் போட்டிகளின் முடிவுகளைப் படிப்பதற்கும் இந்த ஆற்றறிவு வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆடவர் அணிகள் 1829இல் முதன்முதலாகப் படகில் மோதின. இன்று தேம்சு ஆற்றில் பட்னி தொடங்கி மோர்ட்லேக் வரை ஏறத்தாழ 6.8 கிலோமீட்டர் செல்கின்றன. 1998இல் கேம்பிரிட்ஜ் அணி இத்தொலைவை 16 நிமிடம் 19 நொடியில் கடந்தது; நொடிக்கு ஏறத்தாழ 6.9 மீட்டர். 2017இல் போலந்தின் போஸ்னானில் செர்மானிய எண்மர் அணி 2000 மீட்டரை 5 நிமிடம் 18.68 நொடியில் கடந்து உலகை வியக்க வைத்தது; நொடிக்கு 6.3 மீட்டர்தான். மும்மடங்குக்கும் மிகுந்த தொலைவில் மாணவர் எங்ஙனம் முந்தினர்? தேம்சுப் போட்டி ஓதம் ஏறும் வேளையில், நீர் செல்லும் திசையிலேயே நடைபெறுகிறது. போஸ்னானில் நீர் துணைக்கு வரவில்லை. புத்ராஜெயா ஏரியின் நீரும் அவ்வாறே அடங்கி நிற்பது. அதுவே வழிந்து லங்காட்டில் கலந்து பந்திங்கை அடைந்தபின் கடலின் ஏவலுக்கு ஆட்படுகிறது.

ஆகவே, வெவ்வேறு நீர்நிலைகளின் நேரங்களை ஒப்பிட்டு அணிகளின் தரத்தை அளப்பது பிழை. ஒரே போட்டியில் படகுகளுக்கிடையே விழுந்த இடைவெளியே நம்பத்தக்க அளவுகோல்.

நீரின் தடை விரைவின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. அதை வெல்லச் செலவிடும் திறனோ மும்மடிக்கு ஏற்ப. திறனை இரட்டித்தாலும் விரைவு நூற்றுக்கு 26 பங்கே கூடும். ஆள் கூடினால் திறனோடு படகும் பெரிதாகி, நனையும் பரப்பும் விரிகிறது. ஆர்வர்டு அறிஞர் தாமசு மக்மகோன் 1971இல் இவ்விரண்டையும் இணைத்து, விரைவு துடுப்பாளர் எண்ணிக்கையின் ஒன்பதாம் படிமூலத்தைப் பின்பற்றும் என்று காட்டினார். இருவர் எண்மரானால் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பங்கு விரைவு மிகவேண்டும். 2012இல் நியூசிலாந்து இருவர் படகு, போஸ்னானைப் போலவே அடங்கிய நீரில் பதித்த 6 நிமிடம் 8.50 நொடியைச் செர்மானிய நேரத்தோடு வைத்துப் பார்த்தால் எண்மரின் விரைவு நூற்றுக்கு 16 பங்கு மிகுந்திருக்கிறது. எளிய கணக்கொன்று நீரின் மேல் இத்தனை நெருங்கிப் பொருந்துவது பேரழகு.

இன்னொரு வியப்பும் உண்டு. துடுப்பு நீரை உந்தும்போது படகு உச்ச விரைவை எட்டுவதில்லை. துடுப்பை எடுத்தபின், சறுக்கும் இருக்கைகளில் எண்மரும் பின்னணியம் நோக்கி நகர்கையில், அவர்களது எடையின் நகர்வுக்கு எதிர்வினையாகப் படகு முன்னே பாய்கிறது. அப்போது பதறி நகர்ந்தால் விரைவு மிகையாக ஏறி இறங்கும். மும்மடி விதிப்படி அந்த ஏற்றத்தில் வீணாகும் திறன் இறக்கத்தில் மீள்வதில்லை. பயிற்றுநர்கள் இளம் அணிகளிடம் நிதானமாக நகரச் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.