மிலோசெவிச்சை எதிர்த்துப் பிறந்த ‘எக்ஸிட்’: 25 வருஷம் கழித்து செர்பியக் கோட்டையை விட்டு வெளியேற முடிவெடுத்தது ஏன்?

2025 ஜூலை 10 முதல் 13 வரை, செர்பியாவின் நோவி சாட் நகரில், டான்யூப் நதிக்கரையில் இருக்கும் பெட்ரோவராடின் கோட்டையில் நான்கு இரவுகள் விடிய விடியப் பாட்டும் ஆட்டமும் நடந்தன. ஐரோப்பாவின் பெரிய இசை விழாக்களில் ஒன்றான ‘எக்ஸிட்’டின் 25-வது ஆண்டுக் கொண்டாட்டம் அது. ஆனால் விழா தொடங்கும் முன்பே அமைப்பாளர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள்: செர்பியாவில் இதுதான் கடைசி.

கூட்டம் குறைந்துவிட்டதா? இல்லை. சமீப வருடங்களில் ஒவ்வொரு விழாவுக்கும் சுமார் 2 லட்சம் பேர் வந்துகொண்டிருந்தார்கள். பெரிய பாடகர்கள் வர மறுத்தார்களா? அதுவும் இல்லை. காரணம் அரசியல். அதைப் புரிந்துகொள்ள, இந்த விழா எப்படிப் பிறந்தது, எப்படி வளர்ந்தது என்பதை முதலில் பார்க்கணும்.

பாலங்கள் இல்லாத ஊர்

நோவி சாட், தலைநகர் பெல்கிரேடுக்கு அடுத்தபடியாக செர்பியாவின் இரண்டாவது பெரிய நகரம். வொய்வோதினா மாகாணத்தின் தலைநகரமும் இதுதான்.

1990-கள் செர்பியர்களுக்கு மோசமான காலம். யூகோஸ்லாவியா துண்டு துண்டாக உடைந்தது. குரோஷியாவிலும் போஸ்னியாவிலும் போர். செர்பியாவை ஆண்ட ஸ்லோபோதான் மிலோசெவிச்சின் அரசுமீது 1992-ல் ஐ.நா. பொருளாதாரத் தடை விதித்தது. 1993-ல் விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறி, 50 ஆயிரம் கோடி தினார் மதிப்புள்ள ஒற்றை நோட்டையே அரசு அச்சடித்தது. அந்த நோட்டில் இருந்த முகம், நோவி சாட்டில் பிறந்த கவிஞர் யோவன் யோவனோவிச் ஸ்மாய்.

அடுத்து கொசோவோ விவகாரம். 1999 மார்ச் 24 முதல் 78 நாட்கள் நேட்டோ படைகள் குண்டு வீசின. ஏப்ரல் மாதம் முடிவதற்குள் நோவி சாட்டில் டான்யூப் மீதிருந்த மூன்று பாலங்களும் விழுந்துவிட்டன. ஆற்றின் ஒரு கரையில் நகரம், மறு கரையில் கோட்டை. நடுவில் கடக்க வழியில்லை.

இந்த ஊரில்தான் அடுத்த வருஷமே ஒரு இசை விழா முளைத்தது.

100 நாள் விழா

2000-ம் ஆண்டு ஜூன் மாதம், நோவி சாட் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ஆற்றங்கரையில் மேடை போட்டார்கள். கச்சேரி, நாடகம், சினிமா, விவாதம் என்று கிட்டத்தட்ட 100 நாட்கள் தொடர்ந்து நடந்தது. விழாவுக்கு ‘எக்ஸிட்’ என்று பெயர் வைத்தார்கள். வெளியேறும் வழி. எதிலிருந்து வெளியேற வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை: பத்து வருஷப் பைத்தியக்காரத்தனத்திலிருந்து.

செப்டம்பர் 24-ல் அதிபர் தேர்தல். அதற்குச் சில நாட்கள் முன்பு விழாவை முடித்து, இளைஞர்களை ஓட்டுப் போடச் சொன்னார்கள். வெறும் பாட்டுக் கச்சேரியாக இருந்திருந்தால் தேர்தல் தேதியைப் பார்த்து விழாவை முடிக்க வேண்டிய அவசியமே இல்லை. தேர்தல் முடிவை மிலோசெவிச் ஏற்க மறுத்தார். அக்டோபர் 5-ல் லட்சக்கணக்கானோர் பெல்கிரேடில் திரண்டதும் அவருடைய ஆட்சி கவிழ்ந்தது.

அதை எக்ஸிட் மட்டும் செய்யவில்லை. ‘ஓட்போர்’ என்ற மாணவர் இயக்கம், எதிர்க்கட்சிக் கூட்டணி, சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் எல்லாம் சேர்ந்துதான் அது நடந்தது. ஆனால் “ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகுது?” என்று சலித்துப்போயிருந்த இளைஞர்களை ஓரிடத்தில் கூட்டிய வேலையில் எக்ஸிட்டுக்கும் பங்கு உண்டு.

சரி, கோட்டைக்கு ஏன் போனார்கள்?

ஆட்சி மாறியாச்சு. விழாவின் நோக்கமும் நிறைவேறியாச்சு. அதோடு முடித்திருக்கலாம். ஆனால் 2001 கோடையில் எக்ஸிட் ஆற்றைத் தாண்டி பெட்ரோவராடின் கோட்டைக்குள் நுழைந்தது. குண்டு வீச்சில் விழுந்த வராடின் பாலம் அதற்குள் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. அந்தக் கோடையில்தான் மிலோசெவிச்சும் ஹேக் நகரின் போர்க்குற்றத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பப்பட்டார்.

பெட்ரோவராடின் சாதாரணக் கோட்டை இல்லை. ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் அரசு 1692-ல் கட்டத் தொடங்கி 1780 வரை இழுத்த வேலை இது. ‘டான்யூபின் ஜிப்ரால்டர்’ என்ற பட்டப்பெயரும் உண்டு. 1716-ல் இதன் வாசலில்தான் சவாய் இளவரசர் யூஜின் உஸ்மானியப் படையைத் தோற்கடித்தார். கோட்டைக்கு அடியில் நான்கு அடுக்குகளில் சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப் பாதைகள். முதல் உலகப் போரின் தொடக்கத்தில், பின்னாளில் யூகோஸ்லாவியாவின் அதிபரான டிட்டோ இங்கே சிறை வைக்கப்பட்டிருந்தார்.

மேலே ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. அதில் பெரிய முள் மணியைக் காட்டும், சின்ன முள் நிமிடத்தைக் காட்டும். தூரத்தில் ஆற்றில் போகும் படகுக்காரர்களுக்கு மணி தெரிந்தால் போதும் என்பதால் இப்படி ஏற்பாடு.

ஒரு இசை விழாவுக்கு இந்தக் கோட்டையில் மூன்று வசதிகள் இருந்தன.

முதலாவது, சத்தம். திறந்த மைதானத்தில் பத்து மேடை போட்டால் ஒன்றின் சத்தம் இன்னொன்றில் விழும். இங்கே தடித்த மதில்களும் ஆழமான அகழிகளும் மண்மேடுகளும் குறுக்கே நிற்பதால், ஒரு பக்கம் மெட்டல், இன்னொரு பக்கம் டெக்னோ, அடுத்த முற்றத்தில் நாட்டுப்புற இசை என்று 20-க்கும் மேற்பட்ட மேடைகளைப் பிரித்து வைக்க முடிந்தது.

இரண்டாவது, அகழி. எதிரியைத் தடுக்கத் தோண்டிய நீண்ட பள்ளம்தான் ‘டான்ஸ் அரினா’. இருபுறமும் செங்கல் மதில், நடுவில் ஆயிரக்கணக்கானோர். இரவு தொடங்கும் டிஜே இசை, சூரியன் மதிலுக்கு மேலே வரும்வரை நிற்காது. எக்ஸிட்டுக்கு உலக அளவில் பேர் வாங்கிக் கொடுத்ததே இந்த விடியற்காலை ஆட்டம்தான்.

மூன்றாவது, முகவரி. அதுவரை செர்பியா என்றாலே வெளிநாட்டு டிவியில் போரும் குண்டும்தான். ஆற்றங்கரைக் கோட்டையில் விளக்கொளி, இசை, சிரிப்பு என்று வேறு விதமான படங்கள் வெளியே போக ஆரம்பித்தன.

எல்லை தாண்டி வந்தவர்கள்

கோட்டைக்கு வந்த முதல் சில வருடங்களில் நடந்த முக்கியமான விஷயம், மேடையில் யார் பாடினார்கள் என்பதைவிட கூட்டத்தில் யார் நின்றார்கள் என்பதுதான். குரோஷியா, போஸ்னியா, ஸ்லோவேனியா, மாசிடோனியாவிலிருந்து இளைஞர்கள் வந்தார்கள். சில வருஷம் முன்புவரை அவர்களின் அண்ணன்களும் அப்பாக்களும் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றவர்கள். எல்லை மூடிக் கிடந்த தலைமுறைக்கு, பக்கத்து நாட்டுக்காரரோடு ஒரே கூடாரத் திடலில் தங்கியதே புது அனுபவம்.

அப்புறம் பிரிட்டிஷ் இளைஞர்கள் வந்தார்கள். தங்கள் ஊர் விழாக்களோடு ஒப்பிட்டால் இங்கே டிக்கெட்டும் சாப்பாடும் மலிவு. வெயிலும் இருக்கும், கோட்டையும் இருக்கும். 2007-ல் பிரிட்டனின் விழா விருதுகளில் சிறந்த ஐரோப்பிய விழாவாக எக்ஸிட் தேர்வானது. அதே காலத்தில் செர்பிய இளைஞர்கள் லண்டனுக்கோ பாரிஸுக்கோ போக விசாவுக்காக வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ஷெங்கன் நாடுகளுக்கு விசா இல்லாமல் போகும் உரிமை செர்பியர்களுக்குக் கிடைத்ததே 2009 டிசம்பரில்தான். அதுவரை, உலகத்தைப் பார்க்கப் போக முடியாதவர்களிடம் வருஷத்துக்கு ஒரு முறை உலகமே வந்துபோனது.

2008-ல் செக்ஸ் பிஸ்டல்ஸ், 2019-ல் தி க்யூர், 2022-ல் நிக் கேவ். தி பிராடிஜி பல தடவை. 2014 முதல் மாண்டினீக்ரோவின் கடற்கரையில் ‘சீ டான்ஸ்’ என்று ஒரு தங்கை விழாவும் தொடங்கியது. கொரோனாவால் 2020 தடைபட்டாலும், 2021 ஜூலையிலேயே மறுபடியும் கோட்டைக்கு வந்துவிட்டார்கள். பெருந்தொற்றுக்குப் பிறகு ஐரோப்பாவில் முதலில் நடந்த பெரிய விழாக்களில் அதுவும் ஒன்று.

ஊருக்கும் லாபம். ஜூலை மாதம் ஓட்டல் அறை கிடைக்காது. வீடுகளையே வாடகைக்கு விட்டார்கள். 2019-ல் ஐரோப்பிய இளைஞர் தலைநகரம், 2022-ல் ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகரம் என்று நோவி சாட்டுக்குக் கிடைத்த இரண்டு பட்டங்களுக்கான முயற்சிகளிலும் எக்ஸிட் அறக்கட்டளைக்குப் பங்கு உண்டு.

வளர்ச்சியின் கணக்கு

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. மாணவர்கள் ஆற்றங்கரையில் போட்ட மேடைக்குச் செலவு குறைவு. உலகப் புகழ் பெற்ற குழுவைக் கூட்டிவர லண்டன் விலை கொடுக்கணும். ஆனால் டிக்கெட்டை லண்டன் விலைக்கு விற்க முடியாது. விற்றால் செர்பிய மாணவர்களே உள்ளே வர முடியாது. பிரிட்டிஷ்காரர்கள் வந்த காரணமும் போய்விடும்.

இந்த இடைவெளியை இரண்டு பேர் நிரப்பினார்கள். ஒன்று, ஸ்பான்சர் கம்பெனிகள். இன்னொன்று, அரசு, மாகாணம், நகராட்சி ஆகியவற்றின் மானியங்கள். கோட்டையும் பொதுச் சொத்து. அதற்குள் நகர அருங்காட்சியகம் இருக்கிறது, பல பத்தாண்டுகளாக ஓவியர்களின் பட்டறைகள் இருக்கின்றன. மேடை போட, சாலையை அடைக்க, இரவு முழுக்க இசை ஒலிக்க எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும்.

அரசை எதிர்த்துப் பிறந்த விழா வளர வளர, இடம், அனுமதி, பணம் மூன்றுக்கும் அரசின் பக்கம் திரும்ப வேண்டியதாகிவிட்டது. “எக்ஸிட் வியாபாரமாகிவிட்டது” என்று பழைய ரசிகர்கள் சிலர் குறைபட்டதும் இதனால்தான். இரு தரப்பும் சுமுகமாக இருக்கும்வரை இது பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை.

2024 நவம்பர் 1: என்ன நடந்தது?

அன்று பகல் 12 மணிக்குச் சற்று முன்பு, நோவி சாட் ரயில் நிலையத்தின் முகப்பில் இருந்த கான்கிரீட் கூரை இடிந்து விழுந்தது. கீழே நின்றவர்களும் உட்கார்ந்திருந்தவர்களும் நசுங்கினார்கள். அன்றே 14 பேர் இறந்தார்கள். எண்ணிக்கை பின்னர் 16 ஆனது. நிலையம் சில மாதங்கள் முன்புதான் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டிருந்தது.

“ஊழல்தான் கொன்றது” என்று மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். கல்லூரிகள் முற்றுகையிடப்பட்டன. இறந்தவர்களுக்காக, ஆளுக்கு ஒரு நிமிடம் என்று சாலைச் சந்திப்புகளில் மௌனமாக நின்றார்கள். 2025 ஜனவரியில் பிரதமர் மிலோஷ் வுசேவிச் பதவி விலகுவதாக அறிவித்தார். அவர் முன்பு இதே நோவி சாட்டின் மேயராக இருந்தவர். பிப்ரவரி 1-ல் நகரத்தின் மூன்று பாலங்களையும் மாணவர்கள் மறித்தார்கள். 1999-ல் குண்டால் ஊரைத் துண்டித்த அதே ஆறு, இந்த முறை போராட்டக் களமானது.

எக்ஸிட் வெளிப்படையாக மாணவர்கள் பக்கம் நின்றது. மாணவர் இயக்கத்தில் பிறந்த விழா வேறு என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அதற்கு விலை இருந்தது. மாணவர்களை ஆதரித்த நாளிலிருந்தே அரசு மானியங்கள் நிறுத்தப்பட்டதாகவும், ஸ்பான்சர்கள்மீதும் அழுத்தம் கொடுக்கப்பட்டதாகவும் அமைப்பாளர்கள் குற்றம் சாட்டினார்கள். கருத்துச் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்து விழா நடத்துவதைவிட நாட்டை விட்டே வெளியேறுவது மேல் என்பதுதான் நிறுவனர்களில் ஒருவரான துஷான் கோவாசெவிச் சொன்னதன் சாரம்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன?

ஒரு கலை விழா பெரிதாகும்போது அதன் குரலும் பெரிதாகும் என்று நினைப்போம். எக்ஸிட்டின் கதை வேறு மாதிரி. 2000-ல் அவர்களிடம் இழக்க எதுவும் இல்லை; அதனால் தோன்றியதைப் பேசினார்கள். 2025-ல் 2 லட்சம் ரசிகர்கள், உலகப் பெயர், விருதுகள் எல்லாம் இருந்தன. ஆனால் கோட்டையின் சாவியும் கஜானாவின் சாவியும் வேறு ஆட்களிடம் இருந்தன. வாயை மூடிக்கொண்டிருந்தால் விழா ஒருவேளை தொடர்ந்திருக்கும். பெயர்தான் அர்த்தமில்லாமல் போயிருக்கும்.

நஷ்டம் யாருக்கு? விழாவை வேறு நாட்டுக்குக் கொண்டுபோகலாம். ஜூலையில் நான்கு நாள் வருமானத்தை நம்பிய டாக்சிக்காரர், அறை வாடகைக்கு விட்ட குடும்பம், பர்கர் கடை போட்டவர், பகுதிநேர வேலை பார்த்த மாணவர் எல்லாரும் அங்கேயே இருக்கிறார்கள். அகழியை எடுத்துப் போகவும் முடியாது. மதிலுக்கு மேலே சூரியன் ஏறும் அந்தக் காட்சிக்காகவே பாதிப் பேர் வந்தார்கள் என்னும்போது, வேறு ஊரில் அதே பெயரில் நடக்கும் விழா அதே விழாதானா என்ற கேள்விக்கு எக்ஸிட் இனிமேல்தான் பதில் தேட வேண்டும்.