2 நிமிட ஹார்மோன் 1 வாரம் தாங்குவது எப்படி? எடைக் குறைப்பு ஊசிக்குள் இருக்கும் ‘வெளியாள்’ அமினோ அமிலம்

“உடம்புல தானா சுரக்கிற ஹார்மோன்தானே, அதையே ஊசியா போட்டுக்கிட்டா என்ன ஆகிடப் போகுது?”

அம்பத்தூர் எஸ்டேட் ஆபீஸ் லஞ்ச் டேபிளோ, பூந்தமல்லி ஜிம் வாட்ஸ்அப் குரூப்போ, எடைக் குறைப்பு ஊசி பற்றிப் பேச்சு வந்தால் இந்த வரியும் கூடவே வந்துவிடுகிறது. 2025-ல் மவுன்ஜாரோ, வெகோவி, ஒசெம்பிக் மூன்றும் அடுத்தடுத்து இந்தியச் சந்தைக்கு வந்தன. வெகோவி, ஒசெம்பிக் இரண்டிலும் இருப்பது செமாகுளுட்டைட் என்ற ஒரே மருந்து. அதன் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால் பேச்சு இப்போதைக்கு ஓயாது.

ஆனால், அந்த வரியில் பாதிதான் உண்மை. உடம்பில் சுரப்பது ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன். சாப்பிட்டதும் குடலில் இருந்து வரும். இன்சுலினைத் தூண்டும், ‘போதும், வயிறு நிறைஞ்சிடுச்சு’ என்று மூளைக்குச் சொல்லும். ஆனால் இதன் ஆயுள் ரொம்பக் கம்மி. ரத்தத்தில் கலந்த சுமார் 2 நிமிடத்தில் பாதி காலி. ஊசியில் இருக்கும் செமாகுளுட்டைட் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். ஆக, இரண்டும் ஒன்றல்ல.

கத்தரிக்கோலை ஏமாற்றுவது எப்படி?

புரதங்கள் எல்லாமே அமினோ அமிலங்கள் கோத்த மாலைகள். நம் மரபணுக் குறியீட்டில் இருப்பவை 20 வகை மணிகள்தான். ஜிஎல்பி-1 சுமார் 30 மணிகள் கொண்ட குட்டி மாலை. இதன் இரண்டாவது மணி அலனின். டிபிபி-4 என்ற என்சைம் சரியாக இந்த அலனினைத் தேடி வந்து, முதல் இரண்டு மணிகளை வெட்டிவிடும். ஹார்மோன் வேலையைத் தொடங்கி வைப்பதே மாலையின் அந்த முன்பகுதிதான். வெட்டு விழுந்தால் கதை முடிந்தது.

வீட்டில் அப்பா, அம்மா சர்க்கரைக்கு வில்டாகிளிப்டின், சிட்டாகிளிப்டின் என்று ‘கிளிப்டின்’ மாத்திரை போடுகிறார்களா? அது இந்தக் கத்தரிக்கோலையே முடக்கும் வழி. செமாகுளுட்டைட் கத்தரிக்கோலை விட்டுவிட்டு, மணியை மாற்றுகிறது. அலனின் இருந்த இடத்தில், அந்த 20-ல் இல்லாத ஒரு வெளியாள். முழுப் பெயர் ஆல்ஃபா அமினோ ஐசோபியூட்ரிக் அமிலம், செல்லமாக ‘எய்ப்’. அலனினின் நடுக் கார்பனில் ஒரு ஹைட்ரஜன் இருக்கும். எய்ப்பில் அந்த இடத்தில் ஒரு மெத்தில் குழு. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்ன வீக்கத்தால், டிபிபி-4-ன் வாய்க்குள் மாலை சரியாக உட்காராது.

‘செயற்கை’ என்றதும் பயப்பட வேண்டாம். சில பூஞ்சைகள் தாங்களாகவே எய்ப்பைத் தயாரித்துப் பயன்படுத்துகின்றன. நம் செல்களின் புரதத் தொழிற்சாலைக்குத்தான் அதைக் கோக்கத் தெரியாது. அதனால் எய்ப் இருக்கும் பகுதியை வேதியியல் முறையில்தான் சேர்க்க வேண்டும்.

இங்கேதான் சென்னை வருகிறது

எய்ப் செய்யும் இன்னொரு வேலை, மாலையின் வடிவத்தை இறுக்குவது. பூந்தமல்லி ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் ஏறினால், யாராலும் கை காலை அசைக்க முடியாது இல்லையா? அதே கதைதான். கூடுதல் மெத்தில் குழு வந்ததும், சங்கிலி அந்த இடத்தில் இஷ்டத்துக்குத் திரும்ப முடியாது.

புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எதில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று 1963-ல் வரைபடம் போட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். உலகம் முழுக்கப் புரத வடிவம் படிக்கும் மாணவர்கள் இன்றும் ‘ராமச்சந்திரன் வரைபட’த்தைத் தாண்டாமல் போக முடியாது. அந்த வரைபடத்தில் அலனினுக்கு ஓரளவு தாராளமான இடம் உண்டு. எய்ப்புக்கு அதில் பெரும்பகுதி பறிபோய், சுருள் வடிவத்துக்கான சின்னப் பகுதிகள்தான் மிச்சம். அதனால்தான் சுருள் வேண்டும் என்றால் எய்ப்பைப் போடு என்பது புரத வடிவமைப்பில் பழகிப்போன உத்தி. பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் பி. பலராம் குழு இந்த உத்தியில் பல ஆண்டுகள் உழைத்தது. மவுன்ஜாரோவில் இருக்கும் டிர்செபடைடில் எய்ப் இரண்டு இடங்களில் வருகிறது.

மாற்றினாலே உறுதி கூடிவிடுமா? கூடாது. இதற்கு நல்ல உதாரணம், ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1950-களில் சென்னையில் அமைப்பைக் கண்டுபிடித்த கொலாஜன், அதாவது நம் தோலையும் தசைநாணையும் தாங்கும் முப்புரிக் கயிறு. 1998-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரொனால்டு ரெய்ன்ஸ் குழு கொலாஜன் மாதிரிச் சங்கிலிகளைச் சூடாக்கிப் பார்த்தது. சாதாரண புரோலின் உள்ள கயிறு 41 டிகிரி செல்சியஸில் பிரிந்தது. வைட்டமின் சி உதவியோடு உடம்பு தயாரிக்கும் ஹைட்ராக்சிபுரோலின் இருந்தால் 69 டிகிரி. இயற்கைக் கொலாஜனில் இல்லாத புளோரோபுரோலினை வைத்தபோது 91 டிகிரி! ஆனால் அதே புளோரினை வளையத்தின் மறுபக்கம் மாட்டினால், வளையம் எதிர்த்திசையில் வளைந்து கயிறு பலவீனமாகிவிடும். எந்த இடம், எந்தப் பக்கம் என்பதே எல்லாம்.

சரி, ஊசி போடுபவருக்கு இதனால் என்ன?

ஒரு வாரம் தாங்குவதற்கு எய்ப் மட்டும் காரணமில்லை. செமாகுளுட்டைடில் ஒரு கொழுப்பு அமில வாலும் உண்டு. அது ரத்தத்தில் ஓடும் ஆல்புமின் புரதத்தைப் பிடித்துத் தொங்கிக்கொள்ளும். வெட்டவும் முடியாது, சிறுநீரகம் சீக்கிரம் வடிகட்டவும் முடியாது.

இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. குமட்டல், வாந்தி வந்து ‘வேண்டாம்ப்பா’ என்று நிறுத்தினாலும், மருந்து உடனே நிற்காது. வாரத்துக்குப் பாதி என்று குறைந்து, உடம்பைவிட்டுப் போக ஏறக்குறைய 5 வாரம். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும் என்று மருந்துக் குறிப்பு சொல்வது இதனால்தான். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எந்த ஆபரேஷனுக்கு முன்பும் இந்த ஊசி போடுவதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். வயிறு காலியாவதை இது தாமதப்படுத்தும். ஜிம் டிரெய்னர் சொன்னார் என்று மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்குபவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்ல ஆள் இருக்காது.

இன்னொரு குழப்பம். என்சைமுக்கு ஈடுகொடுக்கும் என்பதால் வெயிலுக்கும் ஈடுகொடுக்கும் என்று நினைக்க வேண்டாம். அது வேறு, இது வேறு. பயன்படுத்தத் தொடங்காத பேனாவை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் உறைய விடவே கூடாது. ஆவடியில் மே மாத மதியம், வண்டி சீட்டுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவதெல்லாம் சரிப்படாது. ஐஸ் பேக் கேட்டு வாங்குங்கள், ஆனால் பேனா அதில் நேரடியாக ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.