பெயரை இரவல் கொடுக்கலாமா?

அயல்நாட்டில் தொழில் தொடங்க விரும்புகிறவர் கையில் மூலதனம் மட்டும் இருந்தால் போதாது; அந்நாட்டுச் சர்க்காரின் அனுமதியும் வேண்டும். இதற்குத் தாய்லாந்தை நாம் உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

அங்கு 1999ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அயலார் தொழில் சட்டம் மூன்று பட்டியல்களைக் கொண்டது. நெற்சாகுபடி முதற்பட்டியலில் உள்ளது. அதில் அயலாருக்கு இடமில்லை. பட்டுப்புழு வளர்ப்பும் தாய்லாந்துப் பட்டு நெசவும் இரண்டாம் பட்டியலைச் சேர்ந்தவை. இவற்றை அயலார் நடத்த, மந்திரிசபையின் சம்மதத்துடன் வர்த்தக மந்திரி அனுமதி அளித்தல் வேண்டும். அரிசி ஆலை மூன்றாம் பட்டியலில் உள்ளது. அதற்கு இலாகாத் தலைவரின் லைசென்ஸ் தேவை. மனுவின் மீது 60 நாட்களுக்குள் முடிவு கூற வேண்டுமென்பது விதி.

பங்குகளில் பாதியோ அதற்கு மேலோ அயலாரிடம் இருந்தால், அக்கம்பெனியும் அயலாராகவே கருதப்படும். ஆகவே சிலர் உள்நாட்டார் பெயரில் பங்குகளை எழுதிவைத்து, தாமே தொழிலை நடத்த முற்படுகின்றனர். இவ்வாறு பெயரை இரவல் கொடுத்த உள்நாட்டாருக்கும் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் முதல் 10 லட்சம் பாட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

நம் சங்கங்களுக்கும் இதில் பாடம் உண்டு. தறியில் அமராத முதலாளி ஒருவர், நெசவாளர் பெயரால் நூலும் கடனும் பெறுவாராயின், சங்கம் ஏட்டில் மட்டுமே நெசவாளருடையதாக இருக்கும். லாபம் அவருக்கும், கடன் பொறுப்பு பெயர் கொடுத்தவருக்குமாகிவிடும். இரவல் கேட்டு வருபவரிடம் மறுத்துரைப்பது அங்கத்தினர் ஒவ்வொருவரின் உரிமை; கடமையுமாகும்.